கண்ணுக்குள் ஒரு தழும்பு

என் வலது கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு பழைய தழும்பு இருக்கிறது. கல்யாணமான புதிதில் அதிரசம் சுடும்போது எண்ணெய் தெறித்து வந்த புண். ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் ஆறிய பிறகுதான் தொந்தரவே ஆரம்பமாயிற்று. தோல் சுருங்கிச் சுருங்கி இரண்டு விரலையும் இழுத்துப் பிடித்துக் கொண்டது. இன்றைக்கும் விரல்களை முழுசாக விரிக்க வராது. "புண்ணு போயிடுச்சு, வடு போகல. அது இழுத்துக்கிட்டேதான் இருக்கும்" என்பார் என் மாமியார்.

இதே மாதிரி ஒரு தழும்பு என் கணவரின் கண்ணுக்குள்ளும் உண்டாகி, அவருடைய இடது கண்ணின் பார்வையில் பெரும்பகுதியைக் கொண்டு போய்விட்டது. கண்ணுக்குள்ளே தழும்பு வருமா? எனக்கும் 2022-ஆம் வருஷம் வரை தெரியாதுதான். நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். டாக்டரம்மா சொல்லச் சொல்லக் கேட்டுத் தெரிந்து கொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"கம்பெனிப் புகைதான்!"

எங்கள் வீடு கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. பின்பக்கம் உப்பனாறு. என் கணவர் இங்கே ஒரு சாயக் கம்பெனியில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தார். ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. 2011-ல் ஒரு முகாமில் பார்த்தபோது சர்க்கரை இருப்பது தெரிந்தது. மாத்திரை சாப்பிடுவார். ஆனால் நைட் ஷிப்ட் வாரத்தில் காலை மாத்திரை மத்தியானமாகும். சில நாள் மறந்தே போகும். நானும் "சாப்பிட்டீங்களா?" என்று சோற்றைத்தான் கேட்பேனே தவிர மாத்திரையைக் கேட்டதில்லை.

அடிக்கடி கண் எரிகிறது என்பார். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் எங்களுக்கே கண் கரிக்கும். அதனால், "கம்பெனிப் புகைதான், வேறென்ன?" என்று சொட்டு மருந்து வாங்கி விட்டுக் கொள்வோம். வருஷா வருஷம் வேலை இடத்தில் கண் பரிசோதனையும் நடந்தது. சுவரில் எழுத்துப் பலகையை மாட்டிப் படிக்கச் சொல்வார்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, '6/6' என்று எழுதிய சீட்டோடு வருவார். அந்தச் சீட்டைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன்.

2022 டிசம்பரில் ஒரு விடியற்காலை. "ஏம்மா, இங்க வா. கண்ணு முன்னாடி ஒட்டடை மாதிரி தொங்குதே, உனக்குத் தெரியுதா?" என்றார். "எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று சிரித்தேன். அரை மணி நேரத்தில், "மை கொட்டின மாதிரி இருக்கு. ஒண்ணுமே தெரியல" என்றார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. முதுநகர் வழியாகப் பஸ் பிடித்து, பெண்ணையாற்றைத் தாண்டிப் புதுச்சேரி பக்கமுள்ள ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா போட்ட படம்

சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிய வைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்ததால் உள்ளே எதுவும் தெரியவில்லை. மூடிய இமை மேல் வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குப் பிறகு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்.

"கண்ணுக்குப் பின்னாடி சுவர்ல ஒட்டின காகிதம் மாதிரி இருக்கே, இதுதான் விழித்திரை. கால் மில்லி மீட்டர் கனம்தான் இருக்கும். அதுக்கு முன்னாடி கண் முழுக்க நுங்கு மாதிரி ஒரு கூழ். இவருக்கு விழித்திரை மேல தழும்பு கட்டி, அந்தக் காகிதத்தைச் சுவரிலிருந்து பிய்ச்சு இழுக்குது" என்றார்.

நான் என் கையை நீட்டிக் காட்டினேன். "இந்த மாதிரியா டாக்டர்?"

"அதே மாதிரிதாம்மா!" என்றவர், அதற்கப்புறம் எனக்கு நிதானமாகவே சொன்னார்.

"அது எதுனால ஆனது டாக்டர்? சீழா, கொழுப்பா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதில் அந்நியமான பொருள் எதுவும் கிடையாதாம். அத்தனையும் நம் உடம்பின் சொந்த செல்களும், அவை நூற்ற நாரும்தான்.

தழும்பில் யார் யார்?

சர்க்கரை பல வருஷம் கூடுதலாக இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. ரத்தம் போகாத இடம் பிராணவாயு இல்லாமல் தவிக்கிறது. தவிக்கிற செல்கள், "எங்களுக்குப் புதுக் குழாய் வேண்டும்" என்று ஒரு ரசாயனத்தைச் சுரந்து கூப்பிடுகின்றன. அதைக் கேட்டுத் தளிர் விடுகிற புது ரத்தக் குழாய்ச் செல்கள்தான் இந்தத் தழும்பில் முதலில் வருகிறவர்கள்.

பீர்க்கங்கொடி பந்தலைப் பிடித்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி இந்தப் புதுக் குழாய்கள் கண்ணுக்குள் இருக்கும் கூழின் பின்பக்கத்தையே பந்தலாகப் பிடித்துப் படருகின்றன. கொடி பச்சையாக இருந்தாலும் பலம் கிடையாது. கொஞ்சம் இழுபட்டாலும் கிழிந்து ரத்தம் கசியும். என் கணவர் கண்டது அந்த ரத்தத்தைத்தான்.

இரண்டாவதாக வருபவை கிளையல் செல்கள். விழித்திரையின் நரம்புச் செல்களைத் தாங்கிப் பிடித்து, போஷித்துக் காப்பதுதான் இவற்றின் வேலை. வீட்டில் நம்மைப் போல என்று வைத்துக் கொள்ளுங்களேன். காயம் என்று தெரிந்ததும் இவை பெருகி, விழித்திரையை விட்டு மேலேறி வந்து சவ்வு போலப் பரவிவிடும்.

மூன்றாவது, காயம் எங்கே பட்டாலும் வந்து சேருகிற மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள். சிந்திய ரத்தத்தையும் குப்பையையும் தின்று சுத்தம் செய்பவை. கூடவே, மற்ற செல்களை வேலைக்குக் கூப்பிடும் ரசாயனங்களையும் இவை சுரக்கின்றன.

நான்காவது, நார்ச் செல்கள். கொலாஜன் என்ற நாரை நூற்று நெய்வது இவைதான். நம் தோலுக்கும் தசை நாணுக்கும் உறுதி கொடுக்கும் அதே கொலாஜன்தான்.

இந்தக் கூட்டத்தில் சில செல்கள் வேஷம் மாறுகின்றன. நார்ச் செல் பாதி, தசைச் செல் பாதி என்று ஆகிவிடுகின்றன. இவற்றுக்கு மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். தசையில் இருப்பது போன்ற சுருங்கும் இழை இவற்றுக்குள்ளும் இருக்கிறது. ஜெனிவாவில் ஜூலியோ கபியானி என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1971-ல், ஆறுகிற புண்ணில் இந்தச் செல்களைக் கண்டு எழுதினார்கள். புண்ணின் ஓரங்களை இழுத்து ஒன்று சேர்த்து மூடுவது இவற்றின் வேலை. தோலுக்கு இது பெரிய உபகாரம். புண் சுருங்கினால்தானே ஆறும்?

என் கை விரல்களை இழுத்துப் பிடித்ததும் இவைதான். என் கணவரின் விழித்திரையை இழுத்ததும் இவைதான். கையில் இழுத்தபோது பாத்திரம் பிடிப்பதுதான் சிரமமாயிற்று. கால் மில்லி மீட்டர் காகிதத்தை இழுத்தபோது அது சுவரை விட்டே கழன்றது.

நாளாக ஆக, கொடி வாடுவது போல ரத்தக் குழாய்கள் வற்றிப் போகுமாம். "அப்ப நல்லதுதானே?" என்றேன். "காய்ந்த கொடிதாம்மா பந்தலை முறுக்கும்" என்றார் டாக்டரம்மா. குழாய் குறைந்து நார் கூடும்போதுதான் இழுப்பு அதிகம். அதனால்தான் புதுக் குழாய்களை வாடச் செய்யக் கண்ணுக்குள் ஊசி போடும்போதும், தழும்பு ஏற்கெனவே கெட்டியாக இருந்தால் மிகவும் யோசித்தே போடுகிறார்கள்.

6/6 எப்படி வந்தது?

என் மனதை அறுத்துக் கொண்டிருந்த கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "போன வருஷம்கூடக் கடைசி வரி வரைக்கும் படிச்சாரே டாக்டர்?"

எழுத்தைப் படிப்பது விழித்திரையின் நட்ட நடுவில் இருக்கும் ஒரு சிறிய இடம். தழும்பு அதைச் சுற்றியுள்ள பகுதியில் வளர்ந்தால், நடுவை இழுக்கும் வரை ஆசாமிக்கு ஒன்றுமே தெரியாது. விழித்திரைக்கு வலி உணர்ச்சியும் கிடையாது. கையில் சுட்டால் "ஆ!" என்று கத்துகிறோம், கண்ணுக்குள் சத்தமே இல்லை. பலகையில் எழுத்துப் படிப்பது பார்வைச் சோதனை. விழித்திரைச் சோதனை என்பது பாப்பாவை விரித்து உள்ளே பார்ப்பது அல்லது உள்ளே படம் எடுப்பது. இரண்டும் வேறு வேறு. இது தெரியாமல் 11 வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

புகையைப் பற்றியும் கேட்டேன். "புகைபட்டா கண்ணு எரியும், தண்ணி வரும். அது கண்ணோட வெளிப்பக்கம். இது உள்ளே நடந்தது. இவருக்குக் காரணம் சர்க்கரைதான்" என்றார். எரிச்சலுக்கு மருந்து விட்டு விட்டு, எரியாத நோயைக் கவனிக்காமல் இருந்துவிட்டோம்.

தழும்பைத் தடுக்கத் தழும்பு

வலது கண்ணிலும் புதுக் குழாய்கள் தளிர்த்திருந்தன. ஆனால் இழுப்பு இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதற்கு மூன்று தவணையாக லேசர் வைத்தார்கள். விழித்திரையின் ஓரப் பகுதிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சூடு வைக்கிறார்கள். பிராணவாயு கேட்டுத் தவிக்கிற செல்கள் குறைவதால் "குழாய் வேண்டும்" என்ற கூக்குரல் அடங்கிப் புதுக் குழாய்களும் சுருங்குகின்றன. அந்தச் சூட்டுப் புள்ளிகளும் தழும்புகள்தானாம்! பெரிய தழும்பு வராமலிருக்க டாக்டர்களே போடும் சிறிய தழும்புகள். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, இந்தச் சிகிச்சையால் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று 1976-லேயே காட்டிவிட்டது. ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் மங்கும். அது நாம் கொடுக்கும் விலை.

இடது கண்ணுக்கு லேசர் போதாது. 2023 ஜனவரியில் ஆபரேஷன் நடந்தது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூன்று சிறு துளைகள் போட்டு, ரத்தம் கலந்த கூழை வெட்டி உறிஞ்சி எடுத்துவிட்டு, தழும்புச் சவ்வை நுண்ணிய இடுக்கியால் உரிக்கிறார்கள். 1970-ல் அமெரிக்காவின் மயாமி நகரில், ஜெர்மனியிலிருந்து போன டாக்டர் ராபர்ட் மாக்கெமர் தொடங்கி வைத்த முறை இது. தன் கருவியை அவர் முதலில் முட்டையின் வெள்ளைக் கருவை வைத்துத்தான் சோதித்துப் பார்த்தாராம். தோசைக்கு முட்டை உடைக்கிற போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது. நம் தமிழ்நாட்டிலும் விழித்திரை சிகிச்சைக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அமெரிக்காவில் விழித்திரை சிகிச்சை பயின்று வந்த டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978-ல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார்.

சவ்வு கண்ணாடி போல மெல்லிசாக இருந்தால் நீலச் சாயம் விட்டு அடையாளம் கண்டு உரிப்பார்களாம். "பார்த்தியா, கடைசியில நம்ம சாயம்தான் கை கொடுக்குது" என்று அந்த நிலைமையிலும் என் கணவர் சிரித்தார்.

விழித்திரை மறுபடி படிவதற்காகக் கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் நிரப்பினார்கள். சில நாட்கள் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும். சாப்பாடு ஊட்டுவதிலிருந்து எல்லாம் தரையில் உட்கார்ந்துதான். பல மாதம் கழித்து எண்ணெயை எடுத்தார்கள். விழித்திரை ஒட்டிக் கொண்டது. ஆனால் பழைய பார்வை வரவில்லை. சவ்வை உரித்து எடுக்கலாம். அது இழுத்த காலத்தில் செத்துப்போன நரம்புச் செல்கள் திரும்பாது. இடது கண்ணால் ஆள் நிற்பது தெரியும். முகம் தெரியாது. வலது கண்தான் இன்று எங்கள் குடும்பத்துக்கு வெளிச்சம்.

எல்லாக் கண்ணிலும் ஒரே தழும்பல்ல

சர்க்கரை இல்லாதவர்களுக்கும் வேறு காரணங்களால் தழும்பு வரலாம். அதில் சேருகிற செல்களும் மாறும். கிட்டப் பார்வைக்குத் தடிமனான கண்ணாடி போடுகிறவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் விழித்திரை கிழியலாம். அப்போது அதன் அடியில் இருக்கும் கறுப்பு நிறமிச் செல்கள் கிழிசல் வழியாக வெளியே வந்து, உருமாறி, நார் நூற்கத் தொடங்குகின்றன. ஆபரேஷன் செய்து ஒட்டிய விழித்திரை சிலருக்கு மறுபடி கழல இதுவே முக்கியக் காரணம். வயதானவர்களுக்குப் பார்வையின் நடுவில் மெல்லிய சவ்வு படர்ந்து, நேர்கோடு நெளிந்து தெரியும். அதில் கிளையல் செல்களே அதிகம்.

இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பச்சைக் குழந்தைக்கும் இந்தத் தழும்பு வரலாம். கருவில் 16-ஆவது வாரத்தில் ஆரம்பித்து, ஏறக்குறைய பிரசவ காலம் வரைக்கும் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் வளர்ந்து கொண்டே இருக்கின்றன. குழந்தை முன்னாலேயே பிறந்தால் அந்த வேலை பாதியில் நிற்கிறது. பிறகு தாறுமாறாகக் குழாய் தளிர்த்து, நார் கட்டி, விழித்திரையை இழுக்கிறது. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் மகளுக்கு 31-ஆவது வாரத்தில் குழந்தை பிறந்தபோது, என் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி, "கண்ணைப் பார்த்தாங்களாடி?" என்பதுதான். நல்ல வேளையாகப் பார்த்தார்கள். நிறைய பிள்ளைகளுக்கு ஆவது போலத் தானாகவே சரியாகிவிட்டது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருப்பதில்லை. 1996-ல் சென்னையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குக் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தகப்பனார் விடாமல் வழக்காடி, 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. பணம் வந்தது, பார்வை வருமா?

சகோதரிகள் கவனத்திற்கு

டாக்டரம்மா எனக்குச் சொன்னவற்றை அடுப்பங்கரைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நீங்களும் எழுதி வையுங்கள்.

சர்க்கரை என்று தெரிந்த அன்றே விழித்திரையைப் பார்க்க வேண்டும். பிறகு வருஷம் ஒரு தடவை, பார்வை நன்றாக இருந்தாலும் பார்க்க வேண்டும். சிறு வயதிலேயே இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு, நோய் கண்டு ஐந்து வருஷத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும்.

ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள் கண்ணைக் காட்ட வேண்டும். கர்ப்ப காலத்தில் விழித்திரைக் கோளாறு வேகமாக வளரக்கூடும்.

34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். ரொம்பவும் சிறிய குழந்தையென்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே.

திடீரென்று ஒட்டடை, மை, மின்னல் வெட்டு, ஓரத்தில் திரை விழுவது போலத் தோன்றினால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். எண்ணெய், தாய்ப்பால், சாறு எதுவும் விட வேண்டாம்.

சர்க்கரையோடு ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். மூன்று மாதச் சராசரி காட்டும் சர்க்கரைச் சோதனையைச் செய்து கொள்ள வேண்டும்.

சோதனைக்குப் போகும் நாளில் துணைக்கு ஒருவர் போவது நல்லது. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். வண்டி ஓட்டக் கூடாது.

கண் டாக்டர் ரெமா மோகனும் அவர் குழுவினரும் சென்னையில் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு விழித்திரைக் கோளாறு இருந்தது. நம் தெருவில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று எண்ணிப் பார்த்தால் கணக்குப் புரியும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் கண்ணைக் காட்ட நாம்தான் கிளம்ப வேண்டும்.

என் கணவர் இப்போது பாய்லர் வேலையை விட்டுவிட்டார். வீட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு வரும் சிப்காட் தொழிலாளிகளிடம் சில்லறை கொடுக்கும்போதே, "சுகர் இருக்கா தம்பி? கண்ணுக்கு மருந்து விட்டு உள்ளே பார்த்தாங்களா, இல்ல பலகையைத்தான் படிச்சியா?" என்று கேட்பார். போன மாதம் அப்படிக் கேட்டுப் போன ஒரு பையன், லேசர் வைத்துக் கொண்டு வந்து, "அண்ணே, சரியான நேரத்துல வந்தேன்னு சொன்னாங்க" என்றான். அன்று ராத்திரி அவர் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். மாத்திரையையும் நான் கேட்காமலே எடுத்துப் போட்டுக் கொண்டார்.